நிலை வைத்த பிறகு ஏறும் கோடு

இப்படி நிழலுக்கு வந்து உட்காருங்கள், சசிரேகா. குருக்கள் இன்னும் உறையூரையே தாண்டவில்லையாம். நல்ல நேரம் முடிவதற்குள் வந்துவிடுவார். வராவிட்டால், தான் வந்த நேரம்தான் நல்ல நேரம் என்பார், அதற்கும் ஒரு சுலோகம் வைத்திருப்பார். அந்த நாற்காலி வேண்டாம், கால் விரிந்திருக்கிறது. காண்ட்ராக்டர் கொண்டுவந்து போடுகிற நாற்காலி அப்படித்தான். ஊருக்கெல்லாம் அஸ்திவாரம் போட்டுக் கொடுப்பார்கள், நம்மை உட்கார வைக்கும் நாற்காலிக்கு மூன்று கால்தான் உருப்படியாக இருக்கும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டைக் கட்டுகிறாரே மாத்ருபூதம் சார், அவருடைய மனைவி நான். செண்பகவல்லி. அதோ மணல் குவியல் பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அந்தக் கையாட்டலில் பாதிக்கு அர்த்தமே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனி கட்டுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை வைக்கிற அன்றைக்கு நான் வந்துவிடுவேன். வாசக்காலுக்கு முதல் பொட்டு வீட்டுக்காரப் பெண் வைக்க வேண்டும், இரண்டாவது பொட்டு காண்ட்ராக்டர் வீட்டுப் பெண் வைக்க வேண்டும். ஊர் வழக்கமோ என்னவோ, எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். அந்த இரண்டாவது பொட்டை வைக்க வராதே என்று இந்த வருஷம் தையிலிருந்து ஆனி வரைக்கும் என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள். காரணம் கேட்டால் கணக்காம். நீங்கள் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்க்கிறீர்களாமே, இவர் சொன்னார். அப்படியானால் உங்களிடம் சொன்னால்தான் எனக்கு நியாயம் கிடைக்கும். கணக்கு என்ற பெயரில் ஒரு பெண்பிள்ளையை எந்தப் பாடு படுத்தலாம் என்று கேளுங்கள்.

அந்த இடைவெளிதானே உங்கள் அடுப்படி ஜன்னல் வருகிற இடம்?

ம். இல்லை, ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. நான் கதைக்கு வருகிறேன்.

இவருக்கு எல்லாக் கணக்கும் தலைக்குள்ளேதான். எந்த வீட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் "ஓரளவு வந்துச்சு" என்பார். ஓரளவு என்றால் எவ்வளவு? "பாத்துக்கலாம்." இந்த ஒற்றை வார்த்தையை முதலாகப் போட்டுத்தான் இத்தனை வருஷம் கம்பெனி நடத்தியிருக்கிறார். வீட்டுக்காரர் வந்து, சார் இங்கே ஒரு அலமாரி வைத்தால் நன்றாயிருக்கும் என்பார். பாத்துக்கலாம். அந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளினால் என்ன? பாத்துக்கலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டாயிற்று, தள்ளின சுவருக்குக் காசு யார் கொடுப்பார்கள்? கேட்க இவருக்குக் கூச்சம். தாராள மனசு என்று ஊரில் பெயர். அந்தத் தாராள மனசைத் தாங்க என் வளையல் பேங்குக்குப் போய்ப் போய் வரும்.

புத்தூர் வீட்டு அட்வான்ஸில் கருமண்டபத்து வீட்டுக்கு டைல்ஸ் வாங்குவார். கருமண்டபத்துக்காரர் கொடுத்ததில் திருவானைக்கோவில் வீட்டுக்குத் தளம் போடுவார். ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு பந்தியில் எல்லா டம்ளரையும் நிரப்புகிற வித்தை அது. ஏன், உங்கள் முகம் ஏன் இப்படிப் போகிறது? பயப்படாதீர்கள், உங்கள் அட்வான்ஸ் எங்கேயும் போகவில்லை. இப்போது வீட்டுக்கு வீடு தனிக் கணக்கு. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மருமகள் பிரதீபா. சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் எதில் காசு வருகிறது, எதில் ஓட்டை என்று பார்த்துச் சொல்கிற உத்தியோகம். என் பையனைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தாள். வந்தவள் நாலு நாள் தூங்கி எழுந்து மலைக்கோட்டையைப் பார்க்கலாம் இல்லையா? மாமனாருடைய மேஜை டிராயரைத் திறந்து பார்த்தாள். சிமெண்ட் பில், ஜாதகம், பல்குத்தும் குச்சி, செல்லாத நோட்டு, என்றைக்கோ செத்துப்போன ஒருவருடைய கருமாதிப் பத்திரிகை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடி மூடி வைத்த டிராயர் அது. அவள் தங்கச் சுரங்கத்தைக் கண்டவள் மாதிரி கண்ணை அகல விரித்தாள்.

அப்புறம் ஒரு ஆப் வந்தது. இறங்குகிற ஒவ்வொரு லோடையும், வேலைக்கு வந்த ஆட்களையும் மேஸ்திரிமார்கள் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் சவரிமுத்து மேஸ்திரி அனுப்பின முதல் படத்தில் சிமெண்ட் மூட்டைகளுக்கு முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். மூட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை. மறுபடியும் எடுங்கள் மேஸ்திரி என்று பிரதீபா சொன்னாள். சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

நான் சிரித்தேன். என்னால் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. மணல்காரன் லோடுக்கு லோடு குறைத்தது தெரிந்தது. தளம் போடுகிற அன்றைக்கு ஆட்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்து சீட்டாட, கலவை லாரி மத்தியானம் வந்து சேர்வது தெரிந்தது. ஒரு டாக்டருக்கு இவர் கட்டினார் பாருங்கள் ஒரு பங்களா, தூண் வைத்து, வளைவு வைத்து. அதன் படத்தைப் பெரிதாக்கி எங்கள் ஹாலில் மாட்டி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவார். அதில் எங்களுக்குக் கைநஷ்டம் என்று தெரிந்தது. அவர் வாய் திறந்து சொல்லவே வெட்கப்பட்ட ரெண்டு பெட்ரூம் வீடுகள்தான் இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. அன்றைக்கே நான் அந்தப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது, அவர் இன்னமும் பழக்கதோஷத்தில் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கருமம், கதை இனிமேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையானால் மற்றவர் வீட்டு டிவியில் பாட்டு ஓடும். எங்கள் வீட்டு டிவியில் கோடு ஓடும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கோடு. ஒன்று ஆகும் என்று நாம் போட்ட செலவு. இன்னொன்று நிஜமாக ஆகிற செலவு. சரியாகப் போனால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. அஸ்திவாரம் தொடங்கி நிலை வைக்கிற வரைக்கும் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு போகும். நிலை வைத்த மறுவாரம் செலவுக் கோடு குபீரென்று கிளம்பும். பாகப்பிரிவினைதான். ஒரு வீடு என்றால் தற்செயல் எனலாம். எல்லா வீட்டுக்கும் அப்படியே.

எங்கள் வீட்டுப் புத்திசாலிகள் கூடி யோசித்தார்கள். நிலை வைத்த பிறகு ஏறுகிறது என்றால் நிலையில்தான் கோளாறு. இது இவருடைய கண்டுபிடிப்பு. முதலில் குருக்களை மாற்றினார். கும்பகோணத்திலிருந்து ஒருவர் காரில் வந்தார். கோடு ஏறியது. வேப்பமரம் வேண்டாம், வேங்கையில் செய்வோம் என்றார். ஏறியது. மரக்கடையை மாற்றினார். ஏறியது. கடைசியில் வாஸ்துக்காரன் ஒருவன் கையில் திசைகாட்டியோடு வந்து, வாசக்கால் ஈசானியத்தை முறைத்துக்கொண்டு நிற்கிறது, ஒரு விரற்கடை திருப்ப வேண்டும் என்றான். திருப்பினார்கள். கோட்டோடு சேர்ந்து அவன் பீஸும் ஏறியதுதான் மிச்சம்.

பிரதீபா இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூஜைப் படங்களை எல்லாம் டிவியில் வரிசையாக ஓட விட்டாள். குருக்கள் மாறியிருக்கிறார். மரம் மாறியிருக்கிறது. மேஸ்திரி மாறியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் எப்படியும் வேறு வேறுதான். மாறாமல் நின்றது நான் ஒருத்தி. என் அரக்குப் பட்டு எல்லாப் படத்திலும் எடுப்பாக விழுந்திருந்தது, நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க பூஜைக்குப் போகாம இருந்து பாக்கலாமா?"

"எதைப் பாக்க?"

"கோடு என்ன ஆகுதுன்னு."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. நான் யார்? தமிழில் பேசினால் அபராதம் போடுகிற கான்வென்டில் படித்தவள். பூனை குறுக்கே போனால் நின்று பூனைக்கு வழி விடுகிறவள். என் மாமியார் ராகுகாலத்தில் வாசல் தாண்டாதே என்பார். நான் ராகுகாலத்தில்தான் பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று கிளம்புவேன். என்னிடம் வந்து, என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு, நான் ராசியில்லாதவள் என்கிறாள். நேராகவே கேட்டேன்.

"எம்.பி.ஏ. படிச்சிட்டு ராசி பாக்குறியாம்மா?"

"ஐயோ அத்தை, ராசி இல்ல. நீங்க அங்க போய் அந்த லேடீஸ்கிட்ட பேசறது வந்து..."

என்னவோ இழுத்தாள். வந்து போய் என்று இழுத்து இழுத்துப் பேசினால் எனக்கு ஆகாது. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அரைமணி நேரம் விளக்கினாள். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். இவர் என்ன செய்தார் என்கிறீர்களா? மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நாள்தானே, பாத்துக்கலாம் என்றார்.

நான் அப்படி என்ன பேசிவிட்டேன், சொல்லுங்கள். பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்காரப் பெண்ணோடு ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். இடுப்பளவு சுவர் எழும்பியிருக்கும். அப்போதுதானே ஒரு பெண்ணுக்குத் தன் வீடு எப்படி இருக்கப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்? காகிதத்தில் பார்த்தால் எல்லா வீடும் அரண்மனைதான். ஒரு பேராசிரியர் வீட்டில் துணி துவைக்கிற இடம் ஒரு கோடியில், காயப்போடுகிற இடம் இன்னொரு கோடியில். ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிற விருந்தாளியைச் சுற்றிக்கொண்டு போவீர்களா அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அந்த டாக்டரம்மா வீட்டில் பூஜையறையும் கக்கூசும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். சுவாமிக்கு மணி அடிக்கும்போது அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்காதா என்றேன். அவ்வளவுதான். மறுவாரம் சுவரை உடைத்தார்கள் என்றால் அதற்கு நானா பொறுப்பு? கடப்பாரை என் கையிலா இருந்தது?

ஆம்பிளைகள் வரைகிற அடுப்படி. தோசைக்கல் போட ஒரு மூலை, மாவு வைக்க எதிர் மூலை. நடுவில் நாம் ஓட வேண்டும், பரிசு உண்டு என்கிற மாதிரி. பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வர நான் என்ன வாசக்காலா?

அந்தத் தை மாதம் முதல் பூஜைக்கு இவர் தனியாகக் கிளம்பினார். பூ, பழம், தேங்காய் எல்லாம் நான்தான் எடுத்து வைத்தேன். கேட் வரைக்கும் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார். மத்தியானம் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார், ஜெயிலில் இருக்கிறவளைப் பார்க்க வந்தவர் மாதிரி. அதை நாய்க்குக்கூடப் போடவில்லை. நானே தின்றேன், கோபத்தில்.

உங்களுக்கு இதெல்லாம் அற்பமாகத் தோன்றும். நீங்கள் ஆபீசுக்குப் போகிறீர்கள், நாலு பேர் எழுந்து நிற்பார்கள், கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும். என் வீட்டில் சமைக்க ஒருத்தி வருகிறாள். கணக்குக்கு மருமகள். பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ரூமுக்குள் பெங்களூர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பான், சாப்பிட வா என்றால் கையைக் காட்டுவான். நான் ஒரு வார்த்தை சொல்லி, அதை இன்னொருத்தி நின்று கேட்டு, நீங்க சொல்றது சரிதாங்க என்று சொல்வது இந்த ஒரு இடத்தில்தான், இந்தச் சிமெண்டுத் தூசியில்தான். இதையும் பிடுங்கிக்கொண்டால் அப்புறம் நான் மத்தியானத்தில் சீரியல் பார்த்து அழுகிற சாதியில் சேர வேண்டியதுதான். பார்க்க ஆரம்பித்தும்விட்டேன். அந்த அவமானத்தை யாரிடம் சொல்வது?

அந்த ஆனி முடிய வைத்த நிலை எதிலும் கோடு ஏறவில்லை. ஆமாம். நான் பொய் சொல்ல மாட்டேன், ஏறவில்லை. தண்டவாளம் மாதிரி நேராகப் போயிற்று. எல்லாம் பச்சை. இவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். என்ன பார்வை என்றேன். ஒன்றுமில்லை என்றார். கம்பி விலை இறங்கியிருந்தது, மழை இல்லை, வேலை நிற்கவில்லை. நூறு காரணம் இருக்கும். அதற்குள் நான் ராசிகெட்டவள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். என் வளையல் பேங்கிலிருந்து திரும்பி வந்தது. போட்டுக்கொள்ளவில்லை நான். ரோஷம்.

ஆடியில் யாரும் நிலை வைப்பதில்லை. ஆவணி பிறந்தது. அந்த வாரம் பிரதீபா என் ரூமுக்கு வந்தாள். கையில் இந்தப் புடவை. மயில்கழுத்து நிறம், தொட்டுப் பாருங்கள். "அத்தை, இனிமே நீங்க இல்லாம ஒரு நிலையும் வைக்கக் கூடாது" என்றாள். நான் உடனே இறங்கிவிடுவேனா? தலை வலிக்கிறது, முடியாது என்றேன். கார் அனுப்புகிறேன் என்றாள். இவர் ஓட்டுகிற பழைய வண்டி இல்லை, ஏசி கார். சரி, வாய் திறந்து மன்னிப்புக் கேட்கத் தெரியாத பெண்கள் புடவை எடுத்துத் தருவார்கள், அது ஒரு ஜாதி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அதே வாரம் ஆபீஸில் ஒரு புது விதியும் போட்டாள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன். நிலை வைத்த பிறகு வீட்டுக்காரர்கள் எதை மாற்றச் சொன்னாலும் இனிமேல் வாய்ப்பேச்சு கிடையாது. உடைக்கிற கூலி, கட்டுகிற கூலி, சாமான், அதற்கு மேல் நம் லாபம், வேலை தள்ளிப்போகிற நாளுக்கு ஒரு தொகை, எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் காட்டுவார்கள். கையெழுத்துப் போட்டு, பாதிப் பணம் கட்டின பிறகுதான் கடப்பாரையைத் தொடுவார்கள். பெனசீர் என்று ஒரு இன்ஜினியர் பெண்ணை இதற்கென்றே வேலைக்கு வைத்திருக்கிறாள். அதோ டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். தங்கமான பெண். நான் எந்த வீட்டில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் பின்னாலேயே வந்து மரியாதையாக நிற்பாள். இவர் பழைய பழக்கத்தில் "பாத்..." என்று தொடங்கினாலே போதும், ஒரு இருமல் இருமுவாள். இவர் கப்சிப்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆவணியிலிருந்து நான் வராத பூஜை கிடையாது. கோடு என்ன ஆயிற்று தெரியுமா? ஏறவில்லை. சும்மா பச்சைகூட இல்லை, கரும்பச்சை. நான் வராத அந்த ஆறு மாதத்து வீடுகளைவிட நான் வந்த வீடுகளில் லாபம் கூடுதல். பிரதீபாவே டிவியில் போட்டுக் காட்டினாள். என் பெயரையே அதில் ஒரு கட்டத்தில் போட்டிருக்கிறாள் என்றால் பாருங்களேன். அன்றைக்குத்தான் வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நான் கான்வென்டில் படித்தவள், இந்த மாதிரி விஷயத்திலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கண்ணால் பார்க்கிறதை எப்படி இல்லை என்பது? ராசி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, சசிரேகா. சிலருடைய கால் பட்டால் துலங்கும்.

இருங்கள், இனிமேல் என்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அந்த அடுப்படி ஜன்னல். நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன். அது மேற்கே பார்த்து நிற்கிறது. சாயங்காலம் டிபன் செய்கிற நேரத்துக்கு வெயில் நேராக உங்கள் மூஞ்சியில். பக்கத்து மனைக்காரன் நாளைக்கு வீடு கட்டினால் கக்கூசை எந்தப் பக்கம் வைப்பான்? இந்தப் பக்கம்தான் வைப்பான், எல்லா ஊரிலும் அப்படித்தான் வைக்கிறான். நீங்கள் தாளிக்கிற வாசனைக்கும் அவனுக்கும் நடுவில் இந்த ஜன்னல்தான். பாத்திரம் துலக்குகிற தொட்டியை வேறு எதிர்ச்சுவரில் போட்டிருக்கிறார்கள். நான் உங்களைப் பயமுறுத்தவில்லை. சுவரை இரண்டு முழம் தள்ளி, ஜன்னலை வடக்கே கொண்டுபோனால் எல்லாம் சரியாகிவிடும். வா பெனசீர், வா. பாருங்கள், கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

என்ன கேட்டீர்கள்? ஆவணிக்குப் பிறகு நான் வந்த வீடுகளில் எத்தனை பேர் எதையாவது மாற்றினார்கள் என்றா? எல்லாரும்தான். அதைத்தானே சொல்கிறேன், என் பேச்சை மதிக்காதவர்களே கிடையாது. நான் வராத மாதங்களிலா? அப்போது யார் மாற்றுவார்கள், சொல்ல ஆள் வேண்டாமா? அந்தப் பாவங்கள் இன்றைக்கும் ஈரத்துணியோடு ஹாலைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எதற்குச் சிரிக்கிறீர்கள்?

என்ன? மெதுவாகச் சொல்லுங்கள், கலவை மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

"எங்க வீட்ல எதுவும் மாத்த வேண்டாம்மா. ஜன்னல் அங்கயே இருக்கட்டும்" என்றா சொன்னீர்கள்?

ஏன்? ஒரு திரை போட்டுக்கொள்வீர்களா? திரை எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் போகும், வாராவாரம் துவைக்க வேண்டும். துவைத்துக்கொள்வீர்களா? சரி அம்மா, உங்கள் வீடு, உங்கள் மூஞ்சி, உங்கள் வெயில். எனக்கென்ன வந்தது. வீட்டுக்கடனுக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்கிறீர்கள். நான் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேனா? நான் ஜன்னலைப் பற்றிப் பேசினேன். நீ போம்மா பெனசீர், அங்கே போய் உன் வேலையைப் பார். ஏன் போனை எடுக்கிறாள் இவள்? யாருக்கு இப்படித் தட்டுகிறாள்?

இப்படி ஒருத்தி சொல்லி நான் கேட்டதே இல்லை. உங்கள் உத்தியோகம் அப்படி. எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன என்று பார்ப்பீர்கள்.

ஒரு நிமிஷம், என் போன். பிரதீபாதான்.

சொல்லும்மா. ஆமா, குருக்கள் இன்னும் வரல. ஆமா, பேசினேன். அடுப்படி ஜன்னல்தான். இல்லம்மா, வேண்டாங்கறாங்க. ஒன்னும் மாத்தலையாம். ஆமா, உறுதியாத்தான் சொல்றாங்க.

ஹலோ? பிரதீபா? இருக்கியா?

என்ன? அடுத்த வாரம் தில்லை நகர் பூஜைக்கா? நான் எதுக்கு அலையணுமா? மாமா மட்டும் போனாப் போதுமா? எனக்கு அலைச்சல் எல்லாம் ஒன்னும் இல்லையே. கால் வலியா, யாரு சொன்னது? எனக்கு ஏது கால் வலி?

இரு. இரு பிரதீபா, வச்சிடாத. ஒரு ஜன்னல்தானே வேண்டாம்னாங்க. மாடிப்படி இருக்குல்ல? அதைப் பத்தி நான் இன்னும் வாயே திறக்கல. ஆமா. பேசறேன். பெனசீர் இங்கதான் இருக்கா, அனுப்பிடல. சரி. சரிம்மா. சாப்பிடாம என்ன, பூஜை முடிஞ்சதும் சாப்பிடுவேன். தில்லை நகருக்குக் கார் எத்தனை மணிக்கு அனுப்பறே?

வைத்துவிட்டாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள், பாருங்கள். என்ன இருந்தாலும் அக்கறையான பெண்தான்.

எழுந்திருங்கள் சசிரேகா, குருக்கள் வருவதற்குள் உங்கள் மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம். இன்னும் கட்டவில்லை என்று எனக்கும் தெரிகிறது, வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் என்ன? இவர் போடப்போகிற படிதானே. நின்று பார்த்தால் ஏதாவது ஒன்று இல்லாமலா போகும்?